மைக்கில் வாசித்த லேப்டாப்

ஜூன் 10, செவ்வாய்

அக்னி நட்சத்திரம் முடிந்து இரண்டு வாரம். வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போல. வேலைகள்: சிலிண்டர் புக்கிங், ஸ்கூட்டர் பிரேக், பல் டாக்டர் (தள்ளிப் போடலாம்).

சமயநல்லூரிலிருந்து தங்கச்சி மகள் பவித்ரா வந்தாள், லேப்டாப் பையோடு. பட்டனை அமுக்கினால் அசைவே இல்லை. அதில்தான் ஆன்லைனில் ட்யூஷன் எடுக்கிறாள். கே.கே. நகரில் ரபீக் கடைக்குக் கூட்டிப்போனேன். மதர்போர்டு காலி.

"வேற போர்டு தேடிப் பாக்குறேண்ணே. ப்ராசசரு என்னா?"

"ஐ-ஃபைவ்வு. நான் வாங்கிக் குடுத்தது, எனக்குத் தெரியாதா?"

அவள் பெரியமனுஷியான விசேஷத்துக்கு தாய்மாமன் சீராக வைத்தது. மண்டபத்தில் சீர் வாசித்தபோது, 'ஐ-ஃபைவ்' என்பதையும் சேர்த்து மைக்கில் சொல்லச் சொன்னது நான்தான். அம்புட்டுப் பெருமை அன்றைக்கு.

ஜூன் 12, வியாழன்

போர்டு வந்துவிட்டது. பவித்ராவும் நானும் கடையில். பழைய போர்டிலிருந்து ப்ராசசரைக் கழற்றிப் புதுசில் மாட்ட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகுமா என்று முதலில் நம்பர் பார்க்கணுமாம். ரபீக் ஃபேனைத் தூக்கி, பசையைத் துடைத்து, டார்ச் அடித்தான்.

"அண்ணே, இது ஐ-ஃபைவ் இல்ல. செலிரான். இருக்கதுலயே கீழ் ரகம்."

"ஸ்டிக்கரப் பாருப்பா!"

"ஸ்டிக்கரு வெளிய இருக்குண்ணே. நான் உள்ள பாக்குறேன்."

பவித்ரா என்னைப் பார்க்கவில்லை. "பரவால்ல மாமா" என்றாள். அதற்குப் பதில் என்னை நாலு அறை விட்டிருக்கலாம்.

அவள் பஸ்ஸுக்குப் போனபிறகு ரபீக் காட்டினான். உள்ளே இன்னொரு கடையின் சீல் ஸ்டிக்கர். சமயநல்லூர். போன வருஷத் தேதி. "ஏற்கெனவே ஒருத்தன் கை வச்சிருக்காண்ணே. கழட்டி மாட்டுற ப்ராசசருதான். மாத்திட்டான்."

போன வருஷம் ஃபேன் சுத்தம் பண்ண எடுத்துப்போனது தங்கச்சி புருஷன் (பேர் வேண்டாம், மு. போதும்), அவன் கூட்டாளி கடைக்கு. அதற்கப்புறம்தான் பவித்ரா "ரொம்ப ஸ்லோ மாமா" என்றாள். பழசாகிவிட்டது என்று பதில் சொன்ன மடையன் நான்.

ஜூன் 13, வெள்ளி

மு.வுக்கு போன். தன்மையாகத்தான் கேட்டேன். "ஏன் மாப்ள, போன வருசம் ஃபேன் சுத்தம் பண்ணக் குடுத்தீகளே, அங்க எதும் மாத்துனாங்களா?"

"அவன் என் கூட்டாளி மச்சான். தூசி தட்டிக் குடுத்தான், அம்புட்டுத்தான். நீங்க வாங்கயிலயே கடைக்காரன் ஏமாத்திருப்பான்."

சிரிப்பு வேறு. கூட்டாளி அவனையே ஏமாற்றினானா, இரண்டு பேரும் சேர்ந்தா, கடவுளுக்கே வெளிச்சம்.

என் வீட்டுக்காரி: "சீல் ஸ்டிக்கர போட்டோ எடுத்து உங்க தங்கச்சிக்கு அனுப்புங்க. வாய மூடிக்கிட்டு எதுக்கு இருக்கீக?"

அனுப்பினால் தங்கச்சி செல்வி அவனைச் சும்மா விடமாட்டாள். ஏற்கெனவே அந்த வீட்டில் மாதத்துக்கு ஒரு சண்டை, ஒரு பட்டினி. பவித்ராவுக்கு மாப்பிள்ளை வேறு பார்க்கிறார்கள்.

சிலிண்டர் வரவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ரபீக்கிடம் பழைய ஐ-ஃபைவ் ஒன்று இருந்தது. நம்பர் பார்த்தான், புதுப் போர்டுக்கு ஒத்துப்போனது. மாட்டச் சொல்லிவிட்டேன். லேப்டாப் ஓடுகிறது. நானே சமயநல்லூர் கொண்டுபோனேன். பவித்ரா திறந்து பார்த்து, "அய், இப்ப உண்மையிலேயே ஐ-ஃபைவ்வா மாமா!" என்றாள். இப்ப.

கோழிக் குழம்பு. பக்கத்து இலையில் மு., தலை நிமிராமல். செல்வி சோறு போட வந்தவள் குனிந்து மெதுவாகச் சொன்னாள்:

"மனசுல வச்சுக்கிறாதண்ணே. அன்னைக்கு உன் நெலம எனக்குத் தெரியாதா? அத்தன சனத்துக்கு முன்னால கொறச்சுச் சொல்ல முடியாமத்தான மைக்குல ஐ-ஃபைவ்வுன்னு சொல்ல வச்ச. எங்கண்ணன ஒரு வார்த்த பேசக் கூடாதுன்னு இவர்ட்டயும் சொல்லிட்டேன்."

மு. எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"சரிம்மா" என்றேன்.