பதினோரு தடவையும் புதுச் சளி

அனுப்புநர்
பேருந்துப் பணிமனை இரண்டாம் ஷிப்ட் மெக்கானிக்,
எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் அப்பா.

பெறுநர்
உயர்திரு மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: நான்கு மாதமாக மூக்கடைப்பால் அவதிப்படும் என் மகளைக் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். முதலில் ஒரு பாராட்டு. என் மகளைத் தங்கள் மருத்துவமனைக்குப் பதினோரு தடவை அழைத்து வந்தேன். ஒன்றைத் தவிர எல்லாச் சீட்டிலும் 'சளி, மூன்று நாள்' என்றே எழுதியிருந்தது. நான்கு மாதத்தை மூன்று நாளாகச் சுருக்கும் திறமையை வேறெங்கும் நான் கண்டதில்லை.

2. நடப்பது இதுதான். பதிவு ஜன்னலில் ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு. மருத்துவர் அதில் மருந்து எழுதுகிறார். மருந்து கொடுப்பவர் சீட்டை வாங்கி, மேசைமேல் நிற்கும் கம்பியில் குத்திவிடுகிறார். திருப்பிக் கேட்டால், "சீட்டு எங்களுக்கு, மருந்து உங்களுக்கு" என்கிறார். நியாயமான பங்கீடுதான். ஆனால் அடுத்த தடவை போகும்போது என் மகள் அதுவரை தும்மியே அறியாத குழந்தையாகிவிடுகிறாள். நாலு மாசமாச்சுங்க என்றால், சீட்டில் இல்லையே என்கிறார்கள். மறுபடி அதே இனிப்பு மருந்து, ஐந்து நாளைக்கு.

3. ஒன்பதாவது தடவை ஓர் இளம் பெண் மருத்துவர் இருந்தார். பொறுமையாகக் கேட்டார். மஞ்சளாகக் கெட்டியாக ஒழுகுவது, படுத்தால் இருமல், கன்னத்தில் வலி, கூப்பிட்டால் சரியாகக் காது கேட்காதது, எல்லாவற்றையும் எழுதினார். "பன்னிரண்டு வாரம் தாண்டிடுச்சுன்னா இது வெறும் சளி இல்லைங்க, சைனஸா இருக்கலாம். மூக்குக்குப் பின்னாடி சதை வீங்கியிருக்கான்னும் பாக்கணும்" என்று சொல்லி, மேற்படி பிரிவுக்கு அனுப்பும்படி சீட்டிலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. போகிற வழியில் மருந்தையும் வாங்கிக்கொள்வோமே என்று அந்த ஜன்னலுக்குப் போனேன். சீட்டு கம்பிக்குப் போயிற்று. மருத்துவர் மறுவாரமே மாற்றலாகிப் போய்விட்டார். என் மடத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

4. எங்கள் பணிமனையில் ஓட்டை உடைசல் பேருந்துக்குக்கூட ஒரு நோட்டு உண்டு. ஒரே கோளாறு மூன்று தடவை அதில் ஏறிவிட்டால் ஃபோர்மேன் எஞ்சினைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். என் மகளைப் பேருந்தாகப் பதிவு செய்ய விதியில் இடமிருந்தால் தெரிவிக்கவும்.

5. ஆகவே, அந்தக் கம்பியிலிருந்து ஒன்பதாவது சீட்டைத் தேடி எடுத்துத் தரவோ, புதிதாக ஒன்று எழுதித் தரவோ ஆவன செய்யவும். இனி குழந்தைகளுக்கு ஆளுக்கொரு நோட்டு போட்டுப் பெற்றோர் கையிலேயே கொடுக்கவும். நோட்டு இருப்பில் இல்லையென்றால் அட்டை போட்டு நானே கொண்டு வருகிறேன்.

6. கேலியாக எழுதியதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோபப்பட்டால் காரியம் கெட்டுப்போகும் என்று என் மனைவி சொல்லி அனுப்பினாள். ஒன்றை மட்டும் கேலியாக எழுத எனக்கு வரவில்லை. எப்போதும் வாயைத் திறந்தே மூச்சு விடுவதால் வகுப்பில் அவளுக்கு 'ஆ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வகுப்புப் படம் எடுக்கிறார்களாம். வாயை மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் தாங்கும் என்று கண்ணாடி முன் நின்று எண்ணிப் பழகுகிறாள். இன்று காலை இருபத்து மூன்று வரை போனாள். பிறகு மூச்சிரைக்க, "அதுக்குள்ள எடுத்துடுவாங்களாப்பா?" என்று கேட்டாள். ஐயா, ஒரு நாள் குறித்துக் கொடுங்கள், அழைத்து வருகிறேன்.

இடம்: புறநோயாளிகள் கூடம்
நாள்: 14.10.2025, செவ்வாய்

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
குழந்தையின் அப்பா