எரித்த தாளின் படம்

அன்பு மகள் அடியேரிக்கு அம்மா அகீக்கி எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க ஆண்டவனைக் கேட்டுக்கொள்கிறேன். இதை உன் சின்னம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன், இனி இந்த விலாசத்துக்கே எழுது, நம் வீடு இப்போது இல்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், உன்னைத் தேற்ற என்னிடம் தெம்பு இல்லை, அதனால்தான் காகிதம்.

தேயிலைத் தோட்டக்காரர் முகிசா நம் மலைச்சரிவு நிலம் முழுக்கத் தன்னுடையது என்று வழக்குப் போட்டது உனக்குத் தெரியும். அப்பா கலங்கவே இல்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே நிலம் நமக்கு என்று தீர்ப்பாகி, உன் கொள்ளுத்தாத்தா கைநாட்டு வைத்த தாள் மாவட்ட அலுவலகத்தில் இருக்கிறது, அது போதும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உன் பேராசிரியரின் ஆட்கள் அந்தப் பழைய தாள்களையெல்லாம் உங்கள் ஆராய்ச்சிக்கென்று படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும், நீயும் பெர்கன் காலேஜில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, தாத்தாவோட ரேகை ஒவ்வொண்ணும் தெரியுது, இனி இது அழியவே அழியாது" என்று துள்ளினாய். அந்தப் படத்தைக் கடையில் அச்செடுத்து மடிப்பு விழாமல் கோர்ட்டுக்குக் கொண்டுபோனோம். முகிசாவின் வக்கீல் தூக்கிப் பார்த்துச் சிரித்தார், "கம்ப்யூட்டர்ல மாட்டுக்கு இறக்கையே வைக்கலாம், ஒரு கட்டைவிரல் வைக்க முடியாதா?" என்றார். நீதிபதியும் அசல் தாள்தான் வேண்டும் என்றுவிட்டார்.

அலுவலகப் பொறுப்பாளரைக் கூப்பிட்டார்கள். அவர் கூசாமல் சொன்னார், "ஸ்கேன் எடுத்தாச்சு, வெளிநாட்டுக்காரங்க அவங்க இடத்துலயே படிக்கிறாங்க. கரையான் தின்ன காகிதத்த வச்சு நாங்க என்ன பண்றது? பின்னால போட்டு எரிச்சிட்டோம்." எரித்தது யார் என்று நீதிபதி கேட்டதும் நம் பெஞ்சுப் பக்கம் கையை நீட்டி, "அதோ, அவரு பையன் கசைஜாதான்" என்றார். நீ உன் பேராசிரியரிடம் சொல்லி உன் தம்பிக்கு வாங்கித் தந்த வேலை அது, அடியேரி. கட்டுக்கட்டாகக் கொடுத்தார்களாம், பிரித்துப் பார்க்காமல் போட்டானாம். வெளியே வந்ததும் அப்பா அவனிடம், "உன் கை சுட்டிருக்கணுமேடா" என்றார். அன்றைக்கே பிள்ளை கம்பாலாவுக்குப் பஸ் ஏறிவிட்டான், நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

அசல் இல்லையென்று தீர்ப்பு முகிசா பக்கமே போனது. மேல் கோர்ட்டுக்குப் போகலாமே என்பாய். அதுவரை மழையில் எங்கே படுப்பது என்று உன் படத்தில் எழுதியிருக்கிறதா? போலீஸ் பார்த்துக்கொண்டு நிற்க டிராக்டர் சமையல்கட்டைத்தான் முதலில் தள்ள வந்தது, அடுப்பில் மட்டோக்கே வாழைக்காய் பாதி வெந்திருந்தது. முகிசாவின் கங்காணி, "அக்கா, பானைய எடுத்துக்கங்க, நாங்க அவ்வளவு மோசமானவங்க இல்ல" என்றான். எடுத்துக்கொண்டேன், வேறென்ன செய்ய.

சின்னம்மா வீட்டுக்காரர் சும்மா சோறு போடுகிற ஆள் இல்லை. வந்த வாரமே, "அராலி அண்ணே, உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று அப்பாவைக் கேட்டார். அப்போது நம் வாழைத்தோப்பை வெட்டிவிட்டுத் தேயிலை நட முகிசா ஆள் எடுத்துக்கொண்டிருந்தார். அப்பா போய் வரிசையில் நின்றார். கங்காணி சிரித்துக்கொண்டே, "வாங்க பெருசு, எந்த மரம் எங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்" என்று கையில் வெட்டுக்கத்தியைக் கொடுத்தானாம். தினமும் போகிறார். யாரோ வெட்டுவதற்கு நானே வெட்டுகிறேன் என்கிறார். குலை தள்ளிய மரங்களைக் கடைசிக்கு விட்டுவைத்திருந்தார், நேற்று அவையும் முடிந்தன.

வேளைக்குச் சாப்பிடு, வெளியே போனால் காதை மூடிக்கொள். கசைஜாவை நீ கூப்பிட்டுப் பார், அக்கா குரலுக்காவது எடுக்கட்டும். உன் படிப்பு ஒரு குறையுமில்லாமல் முடியட்டும், அந்தத் தாள் அதற்காவது உதவட்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசும்போது மழை பெய்ததா, கால்வலி எப்படி என்று கேள். இப்போது என்ன வேலைக்குப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்காதே.

உன் நல்லதையே வேண்டும் அம்மா,
கபாஹெண்டா அகீக்கி