ஐந்து நொடிக்கு ஒரு தட்டு

நாள் 38. 07:00

நிலவு, தென்பள்ளம் நிலையம். ஆட்கள் இருவர்: நான் இசக்கியம்மாள், நில அதிர்வுப் பதிவு; ரூபர்ட் பெர்னாண்டோ, குகை ஆய்வு. காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. பெட்டியின் வெப்பம் 71 டிகிரி. விசிறி முழு வேகம்.

பெட்டி என்பது நிலையத்தின் கணினி. டிபன் பாக்ஸைவிடச் சற்றுப் பெரியது. எடையைக் குறைப்பதற்காக எல்லாவற்றையும் அதற்குள் நெருக்கி அடைத்திருக்கிறார்கள். நிலவில் சூடான காற்று மெதுவாகத்தான் மேலே எழும். அதனால் உள்ளங்கை அகலமுள்ள ஒரு விசிறி இரவு பகலாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. அந்த இரைச்சலில் தூக்கம் வருவதில்லை. அதைவிட மோசம், அதன் அதிர்வு தரை வழியாக என் உணரிகளை எட்டுகிறது. பாறையைக் கேட்க வந்தவள் விசிறியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாள் 39. 16:20

விசிறியின் அதிர்வைப் பதிவிலிருந்து நீக்க ரூபர்ட் ஒரு வடிகட்டி நிரல் எழுதினார். வெளியே வேலை செய்தபடி ரேடியோவில் சொன்ன விளக்கம்:

"ஏ பிள்ள, கப்பல் எஞ்சின் ரூம்ல ஆறு வருசம் கெடந்தவன் நான். எனக்கே ஒம் பொட்டிச் சத்தத்துல தலைய வலிக்கி. இப்பம் பாரு. ஒரே சீரா வாரது எதுன்னாலும் அது மெசினு. அத அழிச்சிரும். மனுசப்பய என்னைக்கு ஒரே சீரா இருந்திருக்கான்?"

பதிவு சுத்தமாக இருக்கிறது. அழிக்கப்பட்டதைச் சேமிக்க இடமில்லை. நிரலின் சுமையால் பெட்டி இப்போது 79 டிகிரி.

நாள் 41. 06:20

மேற்கண்ட நேரத்தில் குகையின் கூரை சரிந்தது. ரூபர்ட் உள்ளே இருக்கிறார். குகை ஓர் இடத்தில் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிகிறது. சரிந்தது அந்த இடம். அவருடைய கடைசிச் செய்தி, 06:18:

"கெழக்க ஒரே கல்லாக் கெடக்கு. எதுக்கும் எட்டிப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

இன்றைய ஆய்வுத் திட்டம் கிழக்கு. ஆனால் எந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார் என்று தெரியாது. ரேடியோ பாறையைத் தாண்டாது. அவரிடம் முப்பது மணி நேரக் காற்று உள்ளது. நாளை 12:20 வரை.

நாள் 41. 08:20

மேலிருந்து துளையிட்டு, துளை வழியாகக் காற்றுக் குழாயை இறக்க வேண்டும். அவர் அதைத் தன் உடையில் செருகிக்கொள்வார். ஒரு துளைக்குப் பதினான்கு மணி நேரம். இரண்டு துளைகளுக்கு நேரம் போதாது.

எந்தக் கிளை என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். விதி இது: சிக்கியவர் ஐந்து நொடிக்கு ஒரு தட்டு எனப் பாறையில் சீராகத் தட்ட வேண்டும். சீரற்ற சத்தம் பாறை இறங்குவது, அதை நம்பக்கூடாது. இரண்டு மணி நேரம் கேட்டேன். எந்த உணரியிலும் தட்டு இல்லை.

பூமியில், தரைக் கட்டுப்பாட்டில் கோமதிநாயகம்:

"ஒண்ணும் கேக்கலைன்னா திட்டப்படி கெழக்கயே தோண்டுத்தா. சும்மா இருக்கதுக்கு அது மேலு."

கிழக்கில் தொடங்கினேன்.

நாள் 41. 13:30

துளைமுனை ஆறுவதற்காகக் கருவி மணிக்கொரு முறை நிற்கும். அந்த இடைவெளியில் கேட்கிறேன். மேற்கு உணரியில் மெல்லிய சத்தங்கள்: மூன்று, சற்று விட்டு ஒன்று, பிறகு ஏழு. சீரற்றவை. பாறை இறங்குகிறது. பொருட்படுத்தவில்லை.

பெட்டி 88 டிகிரி. உடைகளில் ஒட்டி வந்த தூசி விசிறியில் அடைகிறது. இருமுறை துடைத்தேன். இரைச்சல் கூடுகிறது.

நாள் 41. 16:30

மேற்கில் மறுபடி. இரண்டு, ஐந்து, ஒன்று. பாறை.

நாள் 41. 19:10

விசிறி நின்றுவிட்டது. 97 டிகிரியில் பெட்டி தானாகவே துளைக் கருவியை நிறுத்தியது. 100 ஆனால் பெட்டி முழுதாக அணையும். சுமையைக் குறைக்க, அவசியமில்லாத நிரல்களை மூடினேன். முதலில் வடிகட்டி.

மேற்கு உணரியில் ஒரு தட்டு. ஐந்து நொடி. ஒரு தட்டு. ஐந்து நொடி. ஒரு தட்டு.

நாள் 41. 19:25

இதை எடுத்துப் படிப்பவர் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ரூபர்ட் அண்ணன் காலையிலிருந்து விதிப்படி தட்டியிருக்கிறார். சீராக வந்ததால் அவருடைய நிரலே அதை இயந்திரம் என்று எண்ணி அழித்திருக்கிறது. உள்ளே கிடந்தபடியே அவருக்கு அது நினைவுக்கு வந்திருக்கிறது. அதனால்தான் இடையிடையே தாறுமாறாகத் தட்டியிருக்கிறார். அது வடிகட்டியைத் தாண்டி என்னிடம் வந்தது. நான் பாறை என்று எழுதினேன். இருமுறை எழுதினேன்.

கோமதிநாயகம்: "கெழக்க இன்னும் மூணு மணி நேரந்தான பாக்கி? முடிச்சிரு."

சத்தத்தை அவருக்குப் போட்டுக் காட்டினேன். அவரும் ஐந்து நொடிகளை எண்ணிப் பார்த்தார். பிறகு:

"மேக்க போ தாயி. உடனே போ."

நாள் 41. 20:15

மேற்கில் தொடங்கினேன். தடையில்லாமல் ஓடினால் நாளை 10:15க்கு முடியும்.

தடையில்லாமல் ஓடாது. கருவியை ஓட்டுவது பெட்டி. பெட்டியின் மூடியைக் கழற்றி, சாப்பாட்டுத் தட்டால் விசிறுகிறேன். விசிறினால் 94. கை ஓய்ந்தால் 97, கருவி நின்றுவிடும். இனி இந்தக் குறிப்பைப் பெட்டியில் எழுத மாட்டேன். தாளில் இடக்கையால் எழுதுகிறேன்.

நாள் 42. 05:40

இடக்கை, வலக்கை மாறி மாறி. தோள் மரத்துவிட்டது. ஒருமுறை கண் அசந்தேன். கருவி இருபது நிமிடம் நின்றிருக்கிறது. இருபது நிமிடம்.

இடைவெளிகளில் கேட்கிறேன். உணரிக் கம்பியை நேராக ஹெட்போனில் செருகியிருக்கிறேன். ஐந்து நொடி. ஐந்து. ஐந்து. கருவியின் சத்தம் அண்ணனுக்குக் கேட்டிருக்கும். ஒரு முறை வேகமாக நான்கு தட்டினார். கப்பலில் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது இப்படித்தான் தட்டைத் தட்டுவார்களாம். சாப்பிடும்போதெல்லாம் செய்து காட்டுவார்.

சிரித்துவிட்டேன். உடனே 96.

நாள் 42. 09:50

பெட்டி இருமுறை அணைந்தது. திரும்ப எழுவதற்கு ஒவ்வொரு முறையும் பதினெட்டு நிமிடம். கோமதிநாயகம் ஏதோ சொல்கிறார். ரேடியோவை அணைத்தேன். அதுவும் சூடு.

நாள் 42. 11:40

இன்னும் ஒன்றரை மீட்டர். ஐந்து நொடி. ஐந்து. ஏழு. ஐந்து. பதினொன்று.

நாள் 42. 12:06

கருவியை ஓட்டினால் அவர் தட்டுவது கேட்காது. நிறுத்திக் கேட்டால் துளை இறங்காது. ஓட்டுகிறேன். விசிறுகிறேன். இனி முடியும்வரை கேட்க மாட்டேன்.

12:20

12:20 ஆகிவிட்டது. ஓட்டுகிறேன்.

12:33

திறந்தது. குழாய் இறங்கியது. அவர்தான் எடுத்துச் செருக வேண்டும். கை எட்டும் தூரத்தில்தான் இருக்கும். எடுங்க அண்ணா.

செருகினால்தான் காற்று ஓடும். குழாயில் காற்றோட்டம் பூஜ்யம்.

கருவியை நிறுத்தினேன். தட்டைக் கீழே வைத்தேன். பதினாறு மணி நேரத்தில் இப்போதுதான் முழு அமைதி. பத்து நொடி. இருபது. இருபத்து மூன்றில் ஒரு தட்டு. தட்டுதான். பாறை இல்லை. இனி எதையும் பாறை என்று எழுத மாட்டேன்.

காற்றோட்டம் பூஜ்யம்.

பெட்டி 98. விசிற மாட்டேன். விசிறினால் கேட்காது, பெட்டி அணைந்தாலும் ஹெட்போனில் கேட்கும். முப்பது. நாற்பது. பெட்டி 99. நாற்பத்தாறு. நாற்பத்தேழு. அண்ணா சீரா வேண்டாம் எப்படியாவது ஒண்ணு. ஐம்பத்து