பேசாத பக்கத்துக் கடை

என் அன்புக்குரிய வீட்டம்மாவுக்கு,

நீயும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? உன் முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். கட்டைவிரலில் சின்னக் கட்டு, அவ்வளவுதான். எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே.

பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர் என்னைப் போலவே பயணப்பெட்டிகளும் விற்க ஆரம்பித்ததால் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தேன். முன்பெல்லாம் ஒருவர் சாப்பிடப் போனால் மற்றவர் இரண்டு கடையையும் பார்த்துக்கொள்வார். பேச்சு நின்ற பிறகு மதியமும் ஷட்டரை இறக்க வேண்டியதாயிற்று. செவ்வாய்க்கிழமை அதில் விரல் மாட்டிக்கொண்டது. அவர்தான் ஓடிவந்து ஷட்டரைத் தூக்கிவிட்டார்.

கட்டுப் போட்டுத் திரும்பினால், என் கடையில் நின்று என் பெட்டியை விற்றுக்கொண்டிருக்கிறார்! "வாசல்ல சாம்பிளுக்கு மாட்டின பெட்டியை யாருய்யா விக்கச் சொன்னது?" என்று கத்தினேன்.

"திட்டுங்கண்ணே, நல்லா திட்டுங்க. நீங்க பேசாம இருந்ததைத்தான் தாங்க முடியல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் முழுதாகப் போகவில்லை. அவர் பெட்டிகள் இன்னும் என் கண்ணெதிரேதான் தொங்குகின்றன. ஆனாலும் அவர் சொன்னது எனக்கும் பொருந்தியது.

நான் ஊருக்கு வருவதைத் தள்ளிப்போட்டதிலிருந்து நீ போனில் எதற்கெடுத்தாலும் "சரிங்க" என்கிறாய். எந்த வாடிக்கையாளரையும் சமாளிப்பேன், இந்தச் "சரிங்க"வைச் சமாளிக்கத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் போன் பண்ணும்போது அமைதி தேடி மாடிக்குப் போகாமல் அடுப்படியிலிருந்தே பேசு. மிக்சி ஓடட்டும், பிள்ளைகள் கத்தட்டும். அதற்கு மேல் குரலை உயர்த்தி என்னைத் திட்டு.

கடைக்கு ஆள் வந்துவிட்டது. முட்டிக்குத் தைலம் தடவு.

உன் வீட்டுக்காரன்