பட்டறைத் தரையில் ஒரு கடல் படகு

இன்று காலை பட்டறைத் தரையில் உங்கள் படகு மறுபடி வெளியே வந்தது, மாமா.

பட்டறையை வாடகைக்கு எடுத்திருப்பவர்கள் நாளைக்குப் புதிதாகச் சிமெண்ட் தரை போடுகிறார்கள். அதற்காக வருஷக்கணக்கில் ஏறிப்போன கிரீஸ் அழுக்கை மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் கோடாம். மேஸ்திரி வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு ஓடி வந்தார்.

"அக்கா, தரையில பெருசா ஒரு மீன் வரைஞ்சிருக்குதுங்க. வவுத்துல ஒரு பொட்டி, வாலுகிட்ட ரெண்டு காலு. சாமி சமாச்சாரமா இருந்தா அதும்மேல சிமெண்ட் ஊத்தலாங்களா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போய்ப் பார்த்தேன். அப்படியேதான் இருக்கிறது. இருபத்திரண்டு அடி நீளம், கூர் மூக்கு, நடுவில் சதுரம், பின்னால் இடது ஓரத்தில் இரண்டு பாதம். லாரிக்கு அடிக்கிற மஞ்சள் பெயிண்ட் லேசில் போகுமா? நீங்கள் போய் நாலு வருஷம் ஆகிறது, அது போகவில்லை.

அந்தப் படகு வந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பரபரக்கிறது. நம் பட்டறையில் லாரிக்குப் பாடி கட்டிக்கொண்டு போன தூத்துக்குடி டிரைவர், காலி வண்டியில் வருவதற்குப் பதிலாக அதை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவர் பெரியப்பா வீட்டு உப்பளத்து ஓரத்தில் குப்புறக் கிடந்ததாம். வெளிநாட்டில் செய்த பழைய பைபர் படகு, ஆழ்கடலுக்குப் போய்த் தூண்டில் போடுவதற்கென்றே கட்டியது. நீங்கள் அதற்கு ஒரு தார்ப்பாயும் இரண்டு டயரும் கொடுத்தீர்கள். தெருவே கூடி நின்றது. பக்கத்துப் பட்டறைக்காரர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்ண்ணா, கோழிப்பண்ணைக்குத் தண்ணித் தொட்டிங்களா?" என்றார். உங்களுக்கு மூக்குமேல் கோபம்.

கோபம் வந்ததே எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தெரியுமா உங்களுக்கு? அதற்கு முந்தைய நாலு வருஷம் உங்களுக்குக் கோபம்கூட வந்ததில்லை. எதிர் வண்டியிலிருந்து தெறித்த கல்லில் முன்கண்ணாடி உடைந்து இடது கண் போயிற்று. அதோடு லைசென்ஸும் போயிற்று. பதினாறு வருஷம் வடக்கே லாரி ஓட்டிப் போய் வந்த மனுஷர், பட்டறைக்குள் லாரிச் சேஸை நாலடி நகர்த்தக்கூட வேறு ஆளைத்தான் கூப்பிட்டீர்கள். ஸ்டீயரிங்கைத் தொட மாட்டீர்கள். பஸ்ஸில் போனால் டிரைவர் முதுகு தெரியாத சீட்டாகப் பார்த்து உட்கார்வீர்கள். நான் ஒன்றும் கேட்டதில்லை. கேட்க எனக்குப் பயம்.

அன்றைக்கு நீங்கள் தூத்துக்குடிக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "இத ஓட்டறதுக்கு லைசென்ஸ் வேணுங்களா?"

அவர் சிரித்தார். "கடல்ல எவன் அண்ணாச்சி நம்ம கண்ணப் பாக்க வாரான்?"

உங்கள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்று பார்த்த முகம்.

மறுநாளிலிருந்து திட்டம்தான், வீடு முழுக்கத் திட்டம். சாப்பிடும்போது திட்டம், பல் விளக்கும்போது திட்டம். பழைய நாள்காட்டித் தாள்களின் முதுகெல்லாம் உங்கள் பென்சில் கோடுகள். டயரைத் தட்டிப் பார்க்கிற இரும்பை எடுத்துக்கொண்டு படகின் அடித்தளம் முழுக்க ஒவ்வொரு சாணாகத் தட்டினீர்கள். டங்கென்று கேட்டால் நல்லது, சொத்தென்று கேட்டால் பைபருக்கு அடியில் இருக்கிற பலகை ஊறிப்போச்சு என்று சாக்பீஸில் வட்டம் போட்டீர்கள். மொத்தம் பதினொரு வட்டம். எஞ்சின் மாட்டுகிற பின்பலகை விரல் வைத்தால் உள்ளே போயிற்று. "அத்தனையும் மாத்திப்போடலாம் அம்மிணி! ஓடு கெட்டியா இருக்குது, அது போதும்!" என்று, என்னவோ புதையலைக் கண்டவர்போலக் கத்தினீர்கள்.

சேஸுக்கு அளவெடுக்கிற மாதிரியே படகை முழு அளவில் தரையில் சாக்பீஸால் வரைந்தீர்கள். அங்கேதான் நமக்குள் சண்டை. அந்தப் படகில் கூரையும் இல்லை, கேபினும் இல்லை. நட்டநடுவில் நெஞ்சுயரத்துக்கு ஒரு பெட்டி, அதில் ஸ்டீயரிங், அதைச் சுற்றி நாலு பக்கமும் நடக்க வழி. மீன் எந்தப் பக்கம் இழுத்தாலும் அந்தப் பக்கம் ஓட வேண்டுமல்லவா, அதற்காகத்தான் என்று தூத்துக்குடிக்காரர் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார். நீங்களோ அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் வலது ஓரத்தில் வரைந்துவிட்டீர்கள்.

"ஏனுங்க மாமா, பொட்டி நடுவுலதானுங்களே இருந்துச்சு?"

"நடுவுல நின்னு ஓட்டறதுக்கு இதென்ன மாட்டு வண்டியா? டிரைவர்னா ரைட் சைடு. நான் பொறந்ததுலிருந்து பாக்கறேன்."

"தண்ணியில ஒரு பக்கம் பாரம் ஏத்துனா சாயுமுங்க."

"லாரியிலயும் நான் ரைட்லதான் உக்காந்தேன். லாரி சாஞ்சுதா?"

நான் பரமத்தி வேலூர்க்காரி. காவிரிக் கரையில் பிறந்தவள். அப்பாவின் வெற்றிலைக் கொடிக்காலுக்கு ஆள்களை ஏற்றிக்கொண்டு பரிசலில் கழி போட்டவள். நீங்களோ கிணற்றில்கூட இறங்காதவர். ஆனாலும் உங்களோடு வாயாடி ஜெயிக்க முடியுமா? "சரிங்க, தண்ணிகிட்டயே கேட்டுப் பாத்தரலாம்" என்றேன். உங்களுக்கும் அது பிடித்துவிட்டது. பலகைகளை வாங்குவதற்கு முன்னால், வெறும் படகை மிதக்கவிட்டுப் பாரம் எங்கே உட்கார்கிறது என்று பார்த்துவிட வேண்டியதுதான்.

பரமத்தி வேலூரில் அன்று ஆறு நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்கு ஈடாகப் பின்னால் இரண்டு கோழித்தீவன மூட்டை. பெட்டியையும் கழற்றிக் கொண்டுவந்திருந்தீர்கள். துருப்பிடித்த பழைய ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டு லாரி ஸ்டீயரிங்கை மாட்டியிருந்தீர்கள். அதற்கும் படகுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, சும்மா சுற்றும். உங்கள் இடுப்பில் தார்ப்பாய்க் கயிறு கட்டி, மறுமுனையைக் கரையில் என் தம்பி பிடித்துக்கொண்டான். "மச்சானுக்கு மூக்கணாங்கவுறு மட்டுந்தான் பாக்கி" என்று அவன் சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள், நீங்களும்தான்.

பெட்டியை வலது ஓரத்தில் வைத்து அதன் பக்கத்தில் நீங்கள் போய் நின்றீர்கள். படகு அப்படியே ஒருச்சாய்ந்து ஒரு குடம் தண்ணீரை மொண்டுகொண்டது. தீவன மூட்டை நனைந்தது. கட்டை விரலை ஊன்றி, விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நீங்கள் நின்ற கோலம்! கரையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிக்க, நீங்கள் என்னைப் பார்த்து, "செரி, நடுவுலயே வெச்சுத் தொலைக்கலாம்" என்றீர்கள்.

பெட்டியை நடுவில் நகர்த்தினோம். படகு சமமாக உட்கார்ந்தது. நீங்கள் பெட்டிக்குப் பின்னால் நின்று, முன்னால் ஆற்றைப் பார்த்தீர்கள். பிறகு கையைத் தூக்கினீர்கள். அந்தக் கை ஸ்டீயரிங்குக்கு மேல் அந்தரத்தில் நின்றது. நாலு வருஷம், மாமா. விரல் ஒவ்வொன்றாக இறங்கிப் பிடித்தது.

நான் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு உங்களுக்குப் பின்னால், இடது ஓரத்தில் போய் நின்று படகைத் தள்ளினேன். என் கண் ஆற்றில் இல்லை, உங்கள் கையில் இருந்தது. நீங்கள் வலது பக்கம் ஒடித்தால் நானும் கழியை ஊன்றி வலது பக்கம் திருப்பினேன். இடது பக்கம் ஒடித்தால் இடது பக்கம். ஒரு திருப்பம், இரண்டு, மூன்று. நீங்கள் முதுகை நிமிர்த்திக்கொண்டு, வாயாலேயே ஹாரன் அடித்து, "போலாம் ரைட்!" என்று ஊரே கேட்கக் கத்தினீர்கள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எனக்கும் கண்ணில் தண்ணீர், ஆனால் கழியை விட முடியாதே, துடைக்காமல் அப்படியே வழியவிட்டேன்.

கரை ஏறியதும், "ஸ்டீயரிங் ராடு இல்லாமயே திரும்புது பாத்தியா அம்மிணி!" என்றீர்கள். "ஆமாங்க மாமா, நல்ல படகுங்க" என்றேன். உங்களுக்குத் தெரியாது என்றே நினைத்தேன்.

மறுநாள் காலையில் பட்டறைக்குக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். மஞ்சள் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்திருந்தீர்கள். சாக்பீஸ் கோட்டின்மேல் பெயிண்ட் ஓட்டியாகிவிட்டது. வலது ஓரத்துப் பெட்டியைக் காலால் அழித்துவிட்டு, நடுவில் புதிதாக வரைந்திருந்தீர்கள். "பின்னால அந்த இடது பக்கமா நில்லு" என்றீர்கள். நின்றேன். குனிந்து என் பாதத்தைச் சுற்றிப் பிரஷ்ஷால் கோடு இழுத்தீர்கள். கூச்சத்தில் நெளிந்தேன். சுண்டு விரலில் ஒட்டிய பெயிண்ட் போகப் பத்து நாள் ஆயிற்று.

"எஞ்சின் வந்துருச்சுன்னா நான் எதுக்குங்க அங்க?"

"லெஃப்ட்ல பாக்கறதுக்கு எனக்கு ஆளு வேண்டாமா?" என்றீர்கள். அப்புறம் தலையைத் தூக்காமலேயே சொன்னீர்கள். "நேத்து ரெண்டாவது திருப்பத்துல கொஞ்சம் தாமசம் பண்ணிட்ட அம்மிணி."

எஞ்சின் வருவதற்குள் நெஞ்சு வலி வந்துவிட்டது. கடலை நீங்கள் பார்க்கவே இல்லை. அதை எழுத இன்னும் எனக்குக் கை ஓடவில்லை, விட்டுவிடுகிறேன்.

படகைத் தூத்துக்குடிக்காரரே திரும்பக் கொண்டுபோனார். உங்கள் நாள்காட்டித் தாள்களையும் கட்டிக் கொடுத்தேன், பதினொரு வட்டத்தையும் நீங்கள் அதில் குறித்து வைத்திருந்தீர்கள். தாளில் இருந்தபடியே பலகை மாற்றி, எஞ்சின் மாட்டி, இப்போது கடலுக்குப் போய் வருகிறதாம். ஸ்டீயரிங் நடுவில்தான். லாரி ஸ்டீயரிங்கேதான்.

மேஸ்திரியிடம் தாராளமாகச் சிமெண்ட் ஊற்றச் சொல்லிவிட்டேன். அதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு பாதத்திலும் ஒரு தரம் ஏறி நின்றேன். அவர் சாமி சமாச்சாரம்தான் என்று முடிவு செய்துவிட்டார், கையைக்கூட எடுத்துக் கும்பிட்டார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது வேலூருக்குப் பஸ்ஸில் போனால் நான் டிரைவருக்குப் பின்னால், அவர் கை தெரிகிற சீட்டில்தான் உட்காருகிறேன், மாமா. அவர் கை வளைந்தால் மடியில் கிடக்கிற என் கையும் கழி பிடித்த மாதிரி தானாக அழுந்துகிறது. இப்போதெல்லாம் தாமசம் பண்ணுவதில்லை.