இறங்கித் தள்ளும் இடம்

1959 மார்ச் 8, ஞாயிறு

பனி. பத்து மணிக்குத்தான் எதிர் மலை தெரிந்தது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். கையெல்லாம் பெற்றோல் நாற்றம். செல்லம் சோற்றுத் தட்டை எட்ட நின்று தள்ளி வைத்தாள்.

மோட்டார் சைக்கிள் 1927இல் செய்தது. முந்திய துரை சீமைக்குக் கப்பல் ஏறும்போது விறகுக் கொட்டகையில் போட்டுவிட்டுப் போனது. "எடுத்துக்கொள் கிளாக்கர், கோழி அடைக்க உதவும்" என்றார். கோழி அடைக்கவில்லை. ஆறு மாதத்தில் ஓட வைத்தேன். இன்றுவரை ஓடுகிறது.

அடுத்த ஞாயிறு ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் பழைய மோட்டார் சைக்கிள் ஓட்டம். 1930க்கு முந்திய வண்டிகள் மட்டும். துரைமார் கிளப் நடத்துவது. இத்தனை காலம் நாங்கள் ரோட்டோரம் நின்று பார்ப்பதோடு சரி. இந்த வருடம் வண்டி சேரவில்லையாம், அதனால் நோட்டீஸில் "எவரும் வரலாம்". துரைமார் ஐந்து பேர் (எங்கள் துரையும்), ஹட்டன் இரும்புக்கடை காசிம் நானா, நான். விதி ஒன்றுதான்: பிறர் தள்ளிவிட்டாலோ லொறியில் ஏற்றினாலோ பெயர் வெட்டப்படும்.

மார்ச் 11, புதன்

மழை இல்லை. காற்று.

துரை செக்றோல் சம்பளப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டபடியே, தலை நிமிராமல்: "ஞாயிறு ஓட்டத்துக்குப் பின்னால் லொறி வருகிறது. உன் வண்டிக்கு இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்." பக்கத்தில் நின்ற தொழிற்சாலை டீமேக்கர் சிரித்தார். என் பதவி உயர்வுக் கடிதம் மூன்று மாதம் துரையின் மேசை லாச்சிக்குள் கிடந்தபோதும் இதே சிரிப்பு. மறக்கவில்லை.

மாலை வழக்கம்போல் துரை பங்களா வளைவில் இறங்கி, எஞ்சினை நிறுத்தி, வேலி முடியும்வரை தள்ளிக்கொண்டு போனேன். துரை எதிரே வந்தால் குடையை மடக்கு, சைக்கிளை விட்டு இறங்கு, ஓரமாக நில். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. சீனியர் பாஸ், லத்தீனில் கிரெடிட், ஆனாலும் அந்த இடம் வந்ததும் கால் தானாகக் கீழே போகிறது. பதினொரு வருடம், இந்தத் தோட்டத்து ஆபீஸில்.

செல்லம்: "தொரைய முந்திப் போயிறாதீங்க. ரெண்டு பொம்பளப் புள்ளைங்கள வச்சிருக்கோம். இருக்கிற வீடும் தோட்டத்து வீடு."

"முந்தத்தான் போறேன்."

"அப்ப வீட்டையும் வண்டியிலயே கட்டிக்கிட்டுப் போங்க."

மார்ச் 14, சனி

ப்ளக் 2. செயின் இணைப்பு 1. கட்டுக் கம்பி. சவர்க்காரம் (டாங்கி ஒழுகினால் அடைக்க). பழைய வேட்டித் துண்டு. பற்றரி விளக்கு வேண்டாம். ரொட்டி, கட்டச் சம்பல். கோட் பொத்தான் தைத்தாயிற்று. செல்லம்தான் தைத்தாள், பேசாமல்.

லொறியில் ஏறப் போவதில்லை. எழுதி வைக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு, மாலை

வரிசையாக எழுத வேண்டும்.

ஏழு மணி, ஹட்டன். குளிர். ஏழு வண்டியும் ஒரே புகை. காசிம் நானா தலைப்பாகைக்கு மேலே மஃப்ளர். கொட்டகலை வரை எல்லோரும் ஒன்றாக. தலவாக்கலையில் எங்கள் துரை ஒரு சிநேகிதர் பங்களாவில் தேநீருக்கு நின்றார். நான் நிற்கவில்லை. முன்னால் நான்கு துரைமார், ஐந்தாவது நான். எங்கள் துரை எனக்குப் பின்னால்! லிந்துலை தாண்டும்வரை வாய்விட்டுப் பாடினேன் என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் அந்த ஏற்றம். கொண்டை ஊசி வளைவு. வண்டி மூச்சு வாங்குகிறது, ஆனால் ஏறுகிறது. பின்னால் சத்தம். எங்கள் துரையின் வண்டி, எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம். அடுத்து என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இறங்கி, எஞ்சினை நிறுத்தி, ரோட்டோரம் நின்றிருக்கிறேன். தொப்பி கையில்.

துரை கடந்து போனார். "தேங்க்யூ, கிளாக்கர்."

கேலி இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தினமும் சொல்வதுபோலவே சொன்னார்.

மேலே மலையில், அன்றைய கூலியை அன்றே வாங்கும் கைக்காசுக் கொழுந்து எடுக்கும் பெண்கள். ஞாயிறல்லவா. ஒருத்தி கத்தினாள்: "ஐயா, தொரை போயி நேரமாச்சு! தொப்பியப் போடுங்க!" எல்லோரும் சிரிப்பு. இன்னொருத்தி, வயதானவள்: "ஏண்டி சிரிக்கிறீங்க. எறங்கித் தள்ளி விடுவோமா சாமி?"

"வேண்டாம் ஆத்தா. தள்ளினா பேரை வெட்டிருவாங்க."

"அப்ப நில்லுங்க, எங்களுக்கென்ன!"

உதைத்தேன். சூடான எஞ்சின், எடுக்கவில்லை. இருபது, முப்பது உதை. முழங்காலில் தோல் போயிற்று. ஏற்றத்தில் ஓடித் தள்ளி ஏற ஐம்பது வயதில் முடியாது. கீழே லொறி முனகிக்கொண்டு வருவது கேட்டது.

வண்டியைத் திருப்பினேன். வந்த வழியே, கீழ்நோக்கி. கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு உருளவிட்டேன். எதிரே காசிம் நானா ஏறி வருகிறார்.

"கிளாக்கரய்யா! எங்க போறீங்க? நுவரெலியா அங்கிட்டு ஈக்குது!"

பதில் சொல்ல நேரமில்லை. லொறிக்காரன் எட்டிப் பார்த்துக் கையைக் காட்டினான். அவனையும் தாண்டினேன். இரண்டாவது வளைவில் கிளட்ச்சை விட்டேன். எஞ்சினில் ஒரு இருமல். இன்னொன்று. பிடித்துக்கொண்டது. அகலமான இடம் பார்த்துத் திரும்பி மறுபடி ஏறினேன். லொறியை முந்தினேன். அந்தப் பெண்கள் கூடையோடு கையைத் தூக்கிக் கூவினார்கள். நான் தொப்பியை எடுக்கவில்லை.

நானுஓயா தாண்டிக் காசிம் நானாவையும் முந்திவிட்டேன், பாவம். நுவரெலியாவில் ஆறாவதாகப் பெயர் பதிந்தார்கள். வெட்டவில்லை.

துரை வந்தார். "வளைவில் என்ன, எஞ்சின் கோளாறா?"

"இல்லை சேர். உங்களைக் கண்டு இறங்கினேன்."

கொஞ்சம் யோசித்தார். "அது என் தோட்டத்து ரோடு இல்லையே."

பெருந்தன்மையாகத்தான் சொன்னார்.

மார்ச் 16, திங்கள்

தூறல். உடம்பெல்லாம் வலி. முழங்காலுக்கு எண்ணெய்.

காலை ஏழரை, பங்களா வளைவு. அவருடைய ரோடுதான். இறங்கவில்லை. பங்களாச் சமையல்காரர் வாசலில் வாளியோடு அப்படியே நின்றார். துரையின் கார் எதிரே வந்தது. இடப்பக்கம் ஒதுங்கி, "குட்மோர்னிங் சேர்" என்று ஓட்டிக்கொண்டே சொன்னேன். கார் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

பத்து மணிக்குக் கூப்பிட்டார். முகம் சிவப்பு. சுற்றறிக்கை ஒன்று தட்டச்சு செய்யச் சொன்னார்: பங்களா ரோட்டில் ஊழியர்கள் வாகனத்தை விட்டு இறங்கி நடக்க வேண்டும்.

பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

"சுற்றறிக்கை என்றால் நகல் ஊழியர் யூனியனுக்கும் போக வேண்டும் சேர். வழக்கம். அனுப்பவா?"

டீமேக்கர் கதவருகே நின்றார், சிரிக்கவில்லை.

"விடு" என்றார் துரை.

தாளைக் கிழிக்கவில்லை. என் லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்.

மணி நாலரை. மழை விட்டிருக்கிறது. வண்டியில் ஏறியே போகிறேன்.