யாரிடம் நோயாளி அதிகம்

அண்ணா,

இன்று காலை கிளினிக்கின் தரையைக் கழுவியபோது கார்பாலிக் வாசனை எழுந்தது. உங்கள் கைகளில் எப்போதும் இருந்த வாசனை. ஊசியைக் கொதிக்கப் போட எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் கூலிம் ஊரில் தனியாகத் தொழில் செய்த டாக்டர்கள் நாம் இருவர்தான். ஒரே தெரு, எதிரெதிர் வாசல். கரங்கான் ரப்பர் தோட்டங்களிலிருந்து வருகிற கூட்டம் இருவருக்கும் போதாது. அதனால் சாதாரணக் காய்ச்சலுக்கும் மூன்று நாள் கழித்து வரச் சொல்வேன். வந்தால் ஓர் ஊசி, பிறகு இன்னொரு நாள். நீங்களோ வயிற்றை அழுத்திப் பார்த்து, மருந்து கொடுத்து, உங்கள் யாழ்ப்பாணத் தமிழில், "இனி வரத் தேவையில்லை, சுகமாயிடும், போங்கோ" என்று அனுப்பிவிடுவீர்கள். என் பதிவேடு தடித்தது. உங்களுடையது மெலிந்தே இருந்தது.

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்தபின் சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடித்தார்கள். கூடவே ஒரு டாக்டரும் வேண்டுமாம். அதிகாரி நம் இருவர் பதிவேட்டையும் வாங்கிப் புரட்டினான். நோயாளி அதிகம் உள்ளவர் ஊரில் இருக்கட்டும், மற்றவர் போகட்டும் என்றான். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னபோது என் பக்கம் திரும்பினீர்கள். அந்தப் பெயர்களில் பாதி தேவையில்லாமல் வரவழைத்தவை என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன்பின் ஊரே என்னிடம் வந்தது. நான் ஆசைப்பட்டதுதான். ஜப்பான் நோட்டு கட்டுக்கட்டாகச் சேர்ந்தது. அதைக் கொடுத்தும் அரிசி கிடைக்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிவிட்டால் போதுமென்று தலை நிமிராமல் மருந்து எழுதினேன். வயிற்றுவலியோடு வந்த ஒரு பால்வெட்டுக்காரருக்கும் அப்படித்தான் எழுதினேன். மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். அவர் மனைவி வந்து வாசலில் நின்றாள்.

"அந்த டாக்டரா இருந்தா தொட்டுப் பாத்திருப்பாரு."

அவ்வளவுதான் சொன்னாள். போய்விட்டாள்.

சயாமிலிருந்து உயிரோடு திரும்பிய ஒருவர் சொல்லித்தான் உங்கள் முடிவு தெரிந்தது. முகாமில் காலராவாம். மருந்தே இல்லாமல் வெந்நீரை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் பார்த்தீர்களாம். கடைசியில் உங்களுக்கும் கண்டதாம்.

போன வாரம் அண்ணி தலைச்சுற்றல் என்று வந்திருந்தார். நான் நாடி பார்த்துக்கொண்டிருந்தபோது, "நீங்களாவது ஊரிலை நிண்டது சனத்துக்குப் பெரிய உதவி, தம்பி" என்றார். எண்ணிக்கை தவறிப்போனது. மணிக்கட்டை விடாமல் முதலிலிருந்து எண்ணினேன். நீங்கள் போனது எப்படி என்று அவருக்கு இன்றும் தெரியாது. என் வாயிலிருந்து அது வரப்போவதுமில்லை.